"உங்களுக்கு மட்டும்" என்றொரு கோப்பு

— இந்தக் கம்ப்யூட்டரை மாட்டின அன்னைக்கு, "இந்தப் பெட்டிக்குள்ள இனிமே ஒரு ஈ கூட நுழையாது"ன்னு சொன்னீங்க. ஸ்க்ரூடிரைவரைக் காதுல சொருகிக்கிட்டு, கோட்டை கட்டி முடிச்ச ராஜா மாதிரி நின்னீங்க. "ஈ கெடக்கட்டும், நான் நுழையலாமா?"ன்னு கேட்டேன்.

— அதுக்கு நான் என்ன சொன்னேன்?

— "பாஸ்வேர்டு தெரிஞ்சா நுழை, இல்லேன்னா வாசல்லயே நில்லு"ன்னீங்க. நான் வயித்தைப் பிடிச்சுக்கிட்டு சிரிச்சேன். "ரொம்பச் சிரிக்காத, உள்ள இருக்கறவ முழிச்சுக்குவா"ன்னீங்க.

— ம்.

— ஞாபகம் இருக்குல்ல?

— அதெல்லாம் இப்ப எதுக்கு? லாஜிக்கா பாரு. மணி ரெண்டு. மூணு மணிக்கு என் சாமானை ஏத்த வண்டி வருது. திங்கக்கிழமை கோர்ட்டுல கையெழுத்துப் போட்டா நீ யாரோ, நான் யாரோ. அதுக்கு முன்னாடி உன் கம்ப்யூட்டருக்கு ஒரு நல்ல ஆன்ட்டிவைரஸைப் பாத்துப் போட்டுக் குடுத்துட்டா என் கடமை முடிஞ்சுது.

— கடமை. பதினாலு வருஷத்துல அது ஒண்ணுல மட்டும் உங்களைக் குறை சொல்ல முடியாது.

— ஆரம்பிச்சிட்டியா?

— இல்ல, முடிச்சிட்டேன். சொல்லுங்க. நோட்டு, பேனா எல்லாம் தயாரா வச்சிருக்கேன்.

— அடேங்கப்பா! டியூஷன் மிஸ்ஸே நோட்ஸ் எழுதறாங்க. மொதல்ல இதைச் சொல்லு. போன வாரம் இது ஏன் படுத்துச்சு?

— ஒம்பதாங்கிளாஸுக்குக் கணக்கு நடத்திக்கிட்டு இருந்தேன். திடீர்னு திரை பூரா சிவப்பு. "உங்கள் கம்ப்யூட்டரில் ஆயிரத்து முன்னூத்து நாப்பத்திரெண்டு வைரஸ், உடனே இங்கே அமுக்கவும்"னு வந்துச்சு.

— அமுக்கினியா?

— அமுக்கினேன்.

— எத்தனைவாட்டி சொல்லியிருக்கேன், வைரஸை எண்ணிச் சொல்ற எவனையும் நம்பாதன்னு! எண்ணிச் சொல்றவன்தான் வைரஸே.

— முப்பது பசங்க பாத்துக்கிட்டு இருந்தாங்க, பயந்துட்டேன். சாயங்காலம் உங்ககிட்ட கேக்கலாம்னு நெனச்சேன். நாமதான் பேசிக்கறதில்லையே. அதனால எதிர் ஃபிளாட் அக்காவோட மருமகன் சொன்ன ஒண்ணைப் போட்டேன். அப்புறம் ஒரு பொண்ணோட அப்பா சொன்னாரேன்னு இன்னொண்ணு.

— பழசு உள்ள இருக்கும்போதேயா? அதுக்கு மேல ரெண்டா?

— ஒண்ணுக்கு மூணு காவல் இருந்தா நல்லதுதானேன்னு நெனச்சேன்.

— ஒரே அடுப்படியில மூணு மாமியாரை விட்டா என்ன ஆகும்? ஒண்ணு பத்த வச்ச அடுப்பை இன்னொண்ணு அணைக்கும். எடுத்து வச்ச சாமானை "இது யாரு வச்சது?"ன்னு மூணாவது தூக்கி வீசும். உன் மெஷினுக்குள்ள ஒரு வாரமா அதுதான் நடக்குது. அதான் மூச்சு வாங்குது.

— மாமியாரைப் பத்தி நீங்கதான் சொன்னீங்க, நான் சொல்லல. எழுதிக்கவா?

— எழுதிக்க. ஒரு மெஷினுக்கு ஒரு ஆன்ட்டிவைரஸ்தான்.

— இலவசமா, காசு குடுத்தா?

— அதாவது, உன் வேலை என்னன்னு பாக்கணும். பசங்க வீட்டுப்பாடத்தை மெயில்ல அனுப்பறாங்க, பென்டிரைவ்ல கொண்டு வராங்க. எவன் வீட்டுல என்ன சனியன் இருந்தாலும் அது உன்கிட்ட வந்துதான் சேரும். மெஷின்கூடவே வர்ற பாதுகாப்பு சாதாரண ஆளுக்குப் போதும். ஆனா நீ பயப்படற ஆளு. உனக்குப் பக்கத்துல நின்னு, "இதைத் திறக்காத, இது சரியில்ல"ன்னு வாய்விட்டுச் சொல்ற ஒண்ணு வேணும்.

— வாய்விட்டுச் சொல்றது. அது நல்லா இருக்கும்.

— குத்தறியா?

— குத்தல. ஆசையாத்தான் சொன்னேன்.

— இங்க பாரு, உனக்காக மூணு எடுத்து வச்சிருக்கேன். இந்தப் பச்சை நல்லா வேலை செய்யும். ஆனா மெஷினோட முக்கால்வாசி மூச்சை அதுவே இழுத்துக்கும். இந்த நீலம் எப்பப் பாத்தாலும் "என்னைப் புதுப்பி, இன்னும் பெருசா வாங்கு"ன்னு நச்சரிக்கும். இந்தக் கேடயம் படம் போட்டது அளவா சாப்பிடும், அதிகம் பேசாது, பேச வேண்டிய இடத்துல பேசும்.

— மாப்பிள்ளை பாக்கற மாதிரி இருக்கு.

— அதே கணக்குதான்.

— எங்கப்பாவும் இதே மாதிரிதான் சொன்னாரு. "அளவா பேசுவாரு, வீட்டைப் பத்திரமா பாத்துக்குவாரு"ன்னு. பேச வேண்டிய இடத்துல பேசுவாரான்னு கேக்க மறந்துட்டாரு.

— உனக்கு எதை எடுத்தாலும் அங்கதான் போய் நிக்கும். சரி, அடுத்து. ஒரு மெஷினுக்கு மட்டும் எடுக்கலாம். இல்ல, குடும்பப் பேக்குன்னு ஒண்ணு இருக்கு, அதுல அஞ்சு மெஷின் வரைக்கும்...

— குடும்பம் வேண்டாம்.

— சரி. ஒரு மெஷின். மூணு வருஷத்துக்கு எடுத்துடறேன். இதுவரைக்கும் புதுப்பிக்கற தேதியை நான்தான் ஞாபகம் வச்சிருந்தேன். இனிமே நீதான் பாத்துக்கணும். காலெண்டர்ல வட்டம் போட்டுக்க.

— போட்டுக்கறேன்.

— டவுன்லோடு பண்றதுன்னா அந்தக் கம்பெனியோட சொந்தப் பக்கத்துல மட்டும்தான். வேற எவனாவது ஓசியில தரேன்னா திரும்பியே பாக்காத. மாசம் ஒருவாட்டி பாடத்தையெல்லாம் தனி டிஸ்க்குல நகல் எடுத்து வை. எடுத்ததும் டிஸ்க்கைக் கழட்டி அலமாரியில வச்சிடு.

— கழட்டி... அலமாரியில... வச்சிடு. எழுதிட்டேன்.

— கேபினட்டைத் திறந்து தூசியையும் தட்டிடறேன். ஃபேன் பழைய மிக்ஸி மாதிரி கத்துது. வீட்டுல ஸ்க்ரூடிரைவர் ஏதாவது இருக்கா? என்னோடதெல்லாம் அட்டைப்பெட்டியில போட்டு ஒட்டிட்டேன்.

— இருங்க, என் ரூம்ல இருக்கு. இந்தாங்க.

— அட! மஞ்சப் பிடி! இது என்னோடதுதான். நாலு வருஷமா இதைத் தேடறேன். ஆபீஸ்ல எவனோ சுட்டுட்டான்னு அந்த எலெக்ட்ரீஷியனை வேற ஒரு மாசம் முறைச்சுக்கிட்டுத் திரிஞ்சேன். பாவம், அந்த ஆளு.

— எனக்கு ஒரு சின்ன வேலை இருந்துச்சு.

— உனக்கா? பல்பு மாத்தவே என்னைக் கூப்பிடுவ. என்ன வேலை?

— ஒண்ணைக் கழட்ட வேண்டியிருந்துச்சு.

— என்கிட்ட சொல்லியிருந்தா நானே கழட்டிக் குடுத்திருப்பேன்ல?

— நீங்க கழட்டினா அதுக்கு அர்த்தமே இல்ல. விடுங்க, தூசியைத் தட்டுங்க.

— அந்தச் சின்ன ரூமுக்குள்ள இன்னும் என்னென்ன ஒளிச்சு வச்சிருக்கியோ.

— பெயிண்டு அடிச்சதோட சரி, நீங்கதான் அப்புறம் எட்டிக்கூடப் பாக்கலையே.

— எப்படிப் பாக்கறது? நம்ம பத்தாவது கல்யாண நாள் அன்னைக்கு, உனக்குன்னு ஒரு வாட்ச் வாங்கிக்கிட்டு வீட்டுக்கு வரேன். பாத்தா கட்டில்ல உன் தலகாணியைக் காணோம். நீ அந்த ரூம்ல, கதவைச் சாத்திக்கிட்டு. நான் என்ன பண்ணணும்? உடைச்சுக்கிட்டு வரணுமா?

— உடைக்க வேண்டியதில்ல.

— நானும் மனுஷன்தான். சாத்தின கதவுக்கு முன்னாடி எத்தனை நாள் நிக்கறது?

— நின்னீங்களா?

— ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

— அதானே. அன்னைக்கு நான் உங்ககிட்ட ஒண்ணு கேட்டேன். நீங்க பாத்தீங்க. ஒரு வார்த்தை பேசாம அழிச்சீங்க. அதுக்கப்புறம் நமக்குள்ள பேச என்ன இருக்கு?

— எதைக் கேட்ட? நான் எதை அழிச்சேன்?

— வேண்டாம். நாலு வருஷம் ஒண்ணும் தெரியாத மாதிரி இருந்தவருக்கு, இன்னும் அரை மணி நேரம் இருக்க முடியாதா?

— எனக்குச் சத்தியமா ஒண்ணும்... இரு, வண்டிக்காரர் கூப்பிடறாரு. ஹலோ?

— சார், கீழ வந்துட்டேன் சார். வாட்ச்மேன் வண்டியை எடு எடுங்கறாரு. ஏத்த ஆரம்பிக்கலாமா?

— கொஞ்சம் இருப்பா. ஒரு கம்ப்யூட்டர் வேலை பாதியில நிக்குது.

— அந்தக் கம்ப்யூட்டரும் வண்டியில வருதா சார்?

— இல்லப்பா. அது இங்கதான் இருக்கும். வச்சிடறேன்.

— கேட்டுட்டாரே, அவருக்காவது ஒரு பதில் கெடச்சுதே.

— நீ போட்ட ரெண்டையும் எடுத்தாச்சு. பாரு, மெஷின் எப்படி மூச்சு விடுது. இனி பழசு. இதை எடுக்கணும்னா பாஸ்வேர்டு கேக்கும். நீ கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பு.

— ஏன் திரும்பணும்?

— பாஸ்வேர்டைத் தட்டும்போது யாரும் பாக்கக்கூடாது. அது ரூல்.

— இது என் மெஷின்னு நீங்கதான் வக்கீல்கிட்ட எழுதிக் குடுத்தீங்க. அப்ப எல்லாப் பாஸ்வேர்டும் என் நோட்டுல இருக்கணும். சொல்லுங்க, எழுதிக்கறேன்.

— இதை எடுத்துட்டா அந்தப் பாஸ்வேர்டுக்கு வேலையே கெடையாது. எழுதி என்ன பண்ணப்போற?

— மறைக்கறீங்க.

— மறைக்கல.

— யாரு பேரு? தைரியமா சொல்லுங்க, இனிமே எனக்கென்ன.

— பேரு இல்ல. நம்பர்.

— சொல்லுங்க.

— ரெண்டு ரெண்டு. ஒண்ணு ஒண்ணு.

— ரெண்டு, ரெண்டு, ஒண்ணு, ஒண்ணு. அப்புறம்?

— அப்புறம் வருஷம்.

— எந்த வருஷம்?

— உனக்குத் தெரியாதா?

— இருபத்திரெண்டு. பதினொண்ணு. டாக்டரம்மா குறிச்சுக் குடுத்த தேதி.

— ம்.

— அவ பொறந்திருக்க வேண்டிய தேதி.

— மறக்காத நம்பரா வைக்கணும். அதுவும் ரூல்தான்.

— எப்ப வச்சீங்க?

— ஆஸ்பத்திரியில இருந்து உன்னைக் கூட்டிக்கிட்டு வந்த அன்னைக்கு. ஏழு மாசம் சுமந்துட்டு, வெறுங்கையோட வந்து மாத்திரை போட்டுத் தூங்கிட்ட. எனக்கு எங்க உக்கார்றதுன்னு தெரியல. இங்க வந்து உக்காந்தேன். பாஸ்வேர்டை மாத்தினேன். பாதுகாப்பையும் உச்சத்துக்கு ஏத்தினேன். சந்தேகம்னு ஒரு துளி இருந்தாலும் பிடிச்சு உள்ள போடு, யாரையும் கேக்காதன்னு வச்சேன். ஏதாவது ஒண்ணையாவது ஒழுங்கா காப்பாத்தணும்னு இருந்துச்சு.

— உங்க கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி வரல அன்னைக்கு. மருந்துக்கு ஓடினீங்க, காருக்கு ஓடினீங்க, கையெழுத்துப் போட ஓடினீங்க. இவருக்கு நெஞ்சுக்குள்ள கல்லுதான்னு நெனச்சேன்.

— யாராவது ஒருத்தர் ஓடணுமே.

— அஞ்சு வருஷமா இந்தத் தேதியைத் தட்டிக்கிட்டா இருந்தீங்க?

— ஞாயித்துக்கிழமை மட்டும். அப்டேட் ஆச்சான்னு பாக்க.

— அப்டேட்தான் தானாவே ஆகுமே.

— அது உனக்கு எப்படித் தெரியும்?

— பசங்களுக்கே தெரியும். எதுக்கு ஞாயித்துக்கிழமை?

— சும்மாதான். ஒரு மணி நேரம் உக்காந்துட்டு எந்திரிச்சிடுவேன். விடு. இப்பப் பாரு, தட்டிட்டேன். எடுக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்குது. அடைச்சு வச்சிருக்கறதெல்லாம் சேந்து அழிஞ்சிடும், பரவாயில்லையான்னு.

— எதை அடைச்சு வச்சிருக்கு?

— அதாவது, சந்தேகம் வந்த ஃபைலை அது உடனே கொல்லாது. தனியா ஒரு கூண்டுல பிடிச்சுப் போட்டுடும். நாம வந்து பாத்து, நல்லதுன்னா வெளிய விடலாம். கெட்டதுன்னா அழிச்சிடலாம்.

— நீங்க வந்து பாத்ததே இல்லையா?

— எதையாவது பிடிச்சா மணி அடிச்சுச் சொல்லும். கிளாஸ் நடுவுல "டிங் டிங்"னு உயிரை எடுக்குதுன்னு நீ சண்டை போட்ட. அந்த மணியை நிறுத்திட்டேன். மணி இல்லேன்னதும் கூண்டு ஞாபகமே போயிடுச்சு.

— ஆமா, நான்தான் நிறுத்தச் சொன்னேன்.

— மொத்தம் பதினேழு கெடக்கு. எல்லாம் உன் பசங்க கொண்டு வந்த குப்பை. வீட்டுப்பாடம், வீட்டுப்பாடம், எவனோ ஒருத்தனோட கேம்... இது என்ன? "உங்களுக்கு மட்டும்".

— என்ன சொன்னீங்க?

— ஃபைல் பேரு. "உங்களுக்கு மட்டும்". டெஸ்க்டாப்புல இருந்து பிடிச்சிருக்கு. தேதி... நம்ம கல்யாண நாளாச்சே இது. அந்தப் பத்தாவது.

— தள்ளுங்க. நான் பாக்கறேன்.

— நீ பண்ணினதா?

— நான்தான். நீங்க ஆபீஸ் போனதும் உக்காந்து பண்ணினேன். வாழ்த்து அட்டை பண்ற புரோகிராம் ஒண்ணு ஓசியில கெடச்சுது. பூவெல்லாம் விழும், நடுவுல நம்ம குரலைப் பதியலாம். எதிர்ல நின்னு கேக்க எனக்கு வாய் வரல. அதனால குரல்ல பேசி, டெஸ்க்டாப்புக்கு நட்டநடுவுல வச்சேன். அன்னைக்கு டியூஷனுக்குக்கூட லீவு விட்டுட்டேன்.

— அப்புறம்?

— சாயங்காலம் வந்து பத்து நிமிஷம் மெயில் பாத்தீங்க. நான் அந்த ரூம்ல உக்காந்து காதைக் குடுத்துக்கிட்டு இருந்தேன். நாற்காலி நகர்ற சத்தம் கேட்டுச்சு. டிவி போடற சத்தம் கேட்டுச்சு. வேற ஒண்ணும் கேக்கல. மறுநாள் காலைல வந்து பாத்தேன். ஃபைல் அங்க இல்ல.

— இதைப் பாரு. மத்தியானம் ஒரு மணி, ஏழு நிமிஷம். நான் வர்றதுக்கு அஞ்சு மணி நேரம் முன்னாடியே பிடிச்சு உள்ள போட்டுடுச்சு. நான் பாக்கவே இல்ல.

— கேட்டுட்டு அழிச்சிட்டீங்கன்னு...

— நான் பாக்கவே இல்லம்மா.

— ஈ கூட நுழையாது.

— நான்தான் வச்சேன். யாரையும் கேக்காதன்னு நான்தான் அதுக்குச் சொன்னேன்.

— நாலு வருஷம். "இந்த மனுஷன் அதைக் கேட்டுட்டுத்தான் இப்படி நிம்மதியா சாப்பிடறாரு, கேட்டுட்டுத்தான் சட்டையைத் தேச்சுக்கிட்டு நிக்கறாரு"ன்னு நெனச்சு நெனச்சு வெந்துபோனேன்.

— என் மூஞ்சியைப் பாக்கவே உனக்குப் பிடிக்காம போயிடுச்சுன்னு நான் நெனச்சேன். அந்த வாட்ச்சைக்கூடத் திருப்பிக் குடுத்துட்டேன்.

— வாய்விட்டுக் கேட்டிருக்கலாமே, "ஏன் ரூம் மாறின"ன்னு.

— நீ கேட்டியா, "ஏன் அழிச்சீங்க"ன்னு?

— இல்ல.

— இரு, இதை வெளிய எடுக்கறேன். இப்பவே கேக்கறேன்.

— வேண்டாம்.

— நாலு வருஷம் உள்ள கெடந்திருக்கு, வேண்டாம்ங்கற! எனக்குன்னுதானே பேரு போட்டிருக்கு?

— எடுக்காம ஏன் நிறுத்திட்டீங்க?

— இரு.

— என்ன ஆச்சு?

— ஏன் பிடிச்சுதுன்னு இங்க எழுதியிருக்கு, இது தப்பா பிடிக்கல. நெஜமாவே வைரஸ்தான். அந்த அட்டை பண்ற புரோகிராமே கெட்டது. உன் குரல்கூட அதுவும் ஒட்டிக்கிட்டு வந்திருக்கு. திறந்தா மெஷின்ல இருக்கற எல்லாத்தையும் பூட்டிடும். உன் பாடம், பசங்க மார்க்கு, ஒண்ணு மிஞ்சாது.

— அப்ப அன்னைக்கு நீங்க திறந்திருந்தாலும்?

— உன் குரல் வர்றதுக்குள்ள திரை கருத்துப் போயிருக்கும்.

— எப்படிப் பாத்தாலும் நான் கேட்டது உங்களுக்கு வந்து சேந்திருக்காது.

— ஆபீஸ்ல ஒரு பழைய மெஷின் சும்மா கெடக்கு. அதுல போட்டு, குரலை மட்டும் பிரிச்சு எடுக்க முடியுதான்னு...

— எப்ப? திங்கக்கிழமைக்கு அப்புறமா? வேண்டாங்க. அழிச்சிடுங்க.

— அப்ப நீ சொல்லு. ஃபைல்தானே கெட்டுப்போச்சு? ஆளு இங்கதான இருக்க.

— இப்பச் சொல்லி என்ன ஆகப்போகுது? நீங்க வேற ஊருக்கு மாத்தல் வாங்கியாச்சு. வக்கீல் சொன்னதுக்கெல்லாம் நானும் சரின்னு தலையாட்டியாச்சு. இவ்வளவு காலம் வெந்தது வெந்ததுதான். எனக்கு உங்ககூட மறுபடி வாழத் தெம்பு இல்ல. பொய் சொல்ல மாட்டேன்.

— எனக்கும் இல்ல. திங்கக்கிழமை மாறாது, தெரியும்.

— அப்புறம் எதுக்குக் கேக்கறீங்க?

— மாறாதுன்னு தெரிஞ்சாச்சுல்ல. இனிமே பயப்பட என்ன இருக்கு?

— போன் அடிக்குது.

— ஹலோ. சொல்லுப்பா.

— சார், இன்னும் நிறுத்தினா போலீஸ் வந்துடும் சார்.

— மேல வாப்பா. கூடத்துல பதினோரு அட்டைப்பெட்டி வரிசையா இருக்கு. கதவு திறந்துதான் இருக்கு, ஏத்த ஆரம்பி.

— நீங்க சார்?

— வரேன். கொஞ்ச நேரம்.

— மொதல்ல அதை அழிங்க.

— அழிச்சா திரும்ப வராது.

— அது உள்ள கெடக்கற வரைக்கும் எனக்கு வாய்ல வராது. அழிங்க.

— அழிச்சிட்டேன். புதுசையும் போட்டாச்சு. உன் மெஷின் இனிமே பத்திரம்.

— அந்த ஸ்க்ரூடிரைவரைக் குடுங்க.

— இப்ப எதுக்கு?

— கையில பிடிச்சுக்க ஏதாவது வேணும். இதை வச்சுத்தான் அந்தக் கல்யாண நாள் அன்னைக்குக் காலைல அந்த ரூம் கதவோட உள்தாழ்ப்பாளைக் கழட்டினேன்.

— தாழ்ப்பாளையா?

— நாலு திருகாணி. ரெண்டு நகம் பிஞ்சு போச்சு. நாலு வருஷமா அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாளே கெடையாது. சும்மா சாத்தித்தான் இருந்துச்சு. ஒரு விரலால தள்ளியிருந்தா திறந்திருக்கும்.

— நான் நின்னேன். பேச்சுக்குச் சொல்லல. நெறைய நாள் அந்தக் கதவுக்கு வெளிய நின்னேன்.

— தட்டலையே.

— உள்ள தாழ்ப்பாள் போட்டிருப்பன்னு நெனச்சேன்.

— அவர் பெட்டி தூக்க ஆரம்பிச்சிட்டாரு, சத்தம் கேக்குது. நீங்க கெளம்புங்க.

— சொல்லு மிஸ். அதுல என்னதான் கேட்ட?

— அவளுக்குன்னு நீங்க பெயிண்டு அடிச்ச ரூம் அது. வாங்க. ஒரே ஒருவாட்டி உள்ள வந்து, என் பக்கத்துல உக்காந்து, நம்ம பொண்ணுக்காக என்கூட அழுதுட்டுப் போங்க.